அடிபட்ட டிரைவருக்கு எந்த வழி: 166-ஆ, 164-ஆ, தொழிலாளர் இழப்பீடா?

சாலையோரம் நடந்து போனவருக்கோ பேருந்தில் உட்கார்ந்திருந்தவருக்கோ அடிபட்டால் நஷ்டஈட்டு வழக்கில் பெரிய குழப்பம் வராது. அவர்மேல் தவறு சொல்ல இடம் குறைவு. ஏதோ ஒரு வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியாக வேண்டும். ஸ்டீயரிங் பிடித்திருந்தவருக்கே கால் உடைந்தால் நிலைமை வேறு. தவறு அவருடையதாகவே இருக்கலாம். வண்டி அவருடையதாக இருக்கலாம், முதலாளியுடையதாக இருக்கலாம், மச்சானிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கியதாகவும் இருக்கலாம். இதில் ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, அலுவலகம் வேறு, தொகையும் வேறு. ஒரு வழியில் 19 லட்சம் வரை போகக்கூடிய அதே காயம், இன்னொரு வழியில் இரண்டரை லட்சத்தோடு முடிந்துவிடும். முடிந்த பிறகு திறக்கவும் முடியாது.

பெரும்பாலான குடும்பங்கள் இந்தத் தேர்வைத் தெரிந்து செய்வதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும்போது யாரோ நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தேர்வு அங்கேயே நடந்துவிடுகிறது. அதனால் எந்தக் காகிதத்தையும் தொடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். விபத்தில் இன்னொரு வண்டி உண்டா? தவறில் யாருக்கு எவ்வளவு பங்கு? ஓட்டியவர் உரிமையாளரா, சம்பளத்துக்கு ஓட்டியவரா, இரவல் வாங்கி ஓட்டியவரா?

பிரிவு 166: தவறை நிரூபிக்க வேண்டும், வரம்பு கிடையாது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 166-ஆம் பிரிவில் போடும் மனுவைத்தான் நம் ஊர் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்கிறோம். விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம் ஆகிய மூன்றில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றமும், மற்ற ஊர்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பாயங்களாக இயங்குகின்றன.

இங்கே தொகைக்கு மேல்வரம்பு இல்லை. வருமான இழப்பு, எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, இனி வரப்போகும் அறுவைச் சிகிச்சை, உதவியாள் செலவு, சத்துணவு, போக்குவரத்து, வலி வேதனை என்று தனித்தனித் தலைப்பில் கேட்கலாம். ஆனால் எதிர் வண்டிக்காரர் அஜாக்கிரதையாக ஓட்டினார் என்பதைக் காட்ட வேண்டும். கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவு போதும். உங்கள் பங்கு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் கண்டால் மொத்தத்தில் 30 சதவீதம் கழியும். முழுத் தவறும் உங்களுடையது என்றால் இந்த வழியே இல்லை. ஓட்டியவரின் சொந்தத் தவறால் நேர்ந்த மரணத்துக்கு அவர் குடும்பமும் 166-இல் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் மறுபடியும் உறுதிசெய்தது.

லைசன்ஸ் காலாவதியாகி இருந்தது என்பதாலேயே உங்கள்மேல் பங்குத் தவறு ஏறிவிடாது. லைசன்ஸ் இல்லாதது வேறு, மோதலுக்குக் காரணமாக இருந்தது வேறு என்று 2008-இல் சுதிர் குமார் ராணா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசன்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு மஞ்சள் போர்டு வண்டி ஓட்டியவர்களுக்கும் இப்போது கவலை குறைவு: மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள போக்குவரத்து வண்டியை அந்த லைசன்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது.

கால வரம்பைக் கவனியுங்கள். 2019 திருத்தத்தின் இந்தப் பகுதி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது அது. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், தாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. அந்த உத்தரவை நம்பிக் காலம் தாழ்த்துவது சரியல்ல. இடைக்கால உத்தரவு எப்போது வேண்டுமானாலும் மாறலாம்; ஆறு மாதத்துக்குள் போட்ட மனுவை அந்த மாற்றம் தொடாது.

பிரிவு 164: யார் தவறு என்று கேட்பதில்லை, ஆனால்...

அதே திருத்தம், தவறு பார்க்காமல் பணம் தந்த பழைய 140, 163ஏ பிரிவுகளை நீக்கிவிட்டு 164-ஐக் கொண்டுவந்தது. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தவறு யாருடையது என்று சொல்லவும் வேண்டாம், நிரூபிக்கவும் வேண்டாம்.

கொடுங்காயம் என்றால் கை கால் போயிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 116-ஆம் பிரிவின்படி எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இருந்தாலே கொடுங்காயம்தான். பல் உடைந்தாலும் சேரும். எக்ஸ்ரேயில் ஒரு மெல்லிய கீறல் முறிவாக எழுதப்பட்டிருந்தால் இரண்டரை லட்சம் கேட்கலாம். மணிக்கட்டில் சின்ன முறிவு, ஆறு வாரத்தில் மாவுக்கட்டுப் பிரித்து வேலைக்குப் போய்விடலாம் என்ற நிலையில் 164 நல்ல வழி. அந்தக் காயத்துக்கு 166-இல் மூன்று வருடம் நடந்தாலும் இவ்வளவு வருவது கடினம்.

சிக்கல் இனிமேல்தான். 149-ஆம் பிரிவின்படி, விபத்துத் தகவல் வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனி ஓர் அதிகாரியை நியமித்து 30 நாளுக்குள் சமரசத் தொகையை முன்வைக்க வேண்டும். அந்த நடைமுறையில் 164-இன் தொகையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் உங்கள் 166 மனு தானாகக் காலாவதியாகிவிடும். சட்டத்திலேயே, 166(1)-இன் காப்புரையில் (நிபந்தனை வாசகத்தில்) அப்படி எழுதியிருக்கிறது. பழைய 140-இல் வாங்கிய பணம் இறுதித் தொகையில் கழிந்ததே தவிர வழக்கை முடித்ததில்லை. அந்த நினைப்பில் இருப்பவர்கள், "இப்போதைக்கு இதை வாங்கிக்கங்க, மிச்சத்தைக் கோர்ட்டில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சை நம்பிவிடுகிறார்கள். மிச்சம் என்று ஒன்று இருக்காது.

தன் வண்டியைத் தானே ஓட்டி அடிபட்டவர் தன் பாலிசியிலேயே 164-இல் கேட்கலாமா? அந்தப் பிரிவில் பணம் கொடுக்க வேண்டியவரே உரிமையாளர்தான். இரவல் வாங்கி ஓட்டியவரும் உரிமையாளர் இடத்தில் நிற்பவராகவே கருதப்படுவார் என்று பழைய 163ஏ வழக்குகளில், 2009-இல் நிங்கம்மா தீர்ப்பும் 2020-இல் ராம்கிலாடி தீர்ப்பும் சொல்லியிருக்கின்றன. ஆகவே உரிமையாளரும் இரவல்காரரும் 164-ஐ எதிர் வண்டிமேல் போட வேண்டும்.

தொழிலாளர் இழப்பீடு: சம்பளத்துக்கு ஓட்டியவரின் கவசம்

லாரி தானாகப் பள்ளத்தில் இறங்கியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. தூக்கக் கலக்கம் என்று எஃப்.ஐ.ஆரே டிரைவர்மேல். இப்படிப்பட்டவருக்கு 166 கிடையாது. அவருக்கு இருப்பது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923. வேலையின்போது வேலை காரணமாக அடிபட்டார் என்பது போதும். கவனக்குறைவு அவருடையதாக இருந்தாலும் முதலாளி கொடுக்க வேண்டும். மது அருந்தியிருந்தார் என்ற எதிர்வாதம்கூட, மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் இங்கே எடுபடாது.

மனுவைத் தொழிலாளர் துணை ஆணையரிடம் போடுகிறோம். கெடு 2 ஆண்டு. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்குவார்கள். மரணத்துக்கு 50 சதவீதம். காரணி எண் 30 வயதுக்கு 207.98, 35 வயதுக்கு 197.06, 40 வயதுக்கு 184.17. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் எடுப்பார்கள். அந்த வரம்பு 2020 ஜனவரியில் 8,000-த்திலிருந்து உயர்ந்தது. சிகிச்சைக்கு ஆன உண்மைச் செலவு தனி. விபத்து நடந்து ஒரு மாதத்தில் பணம் வரவில்லையென்றால் 12 சதவீத வட்டி ஏறும். முதலாளிக்குத் தண்டத் தொகையாக 50 சதவீதம் வரை விதிக்கலாம், அதை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்ததால் 1923 சட்டத்தின் இடத்தை அதன் 7-ஆம் அத்தியாயம் எடுத்துக்கொண்டது. 50, 60 சதவீதக் கணக்கு அதிலும் தொடர்கிறது. அந்தத் தேதிக்கு முந்தைய விபத்து என்றால் மனுவில் பழைய சட்டத்தையே குறிப்பிடுங்கள்.

இங்கே வழக்கு தோற்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வேலைக்காரர் என்பதற்குக் காகிதம் இல்லை. அண்ணன் வண்டியைத் தம்பி ஓட்டினார், அப்பா ஆட்டோவை மகன் ஓட்டினார் என்றால் "குடும்பத்துக்குள் ஏது சம்பளம்" என்று கம்பெனி வக்கீல் கேட்பார். மாதாமாதம் வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போன பணம், டிரிப் ஷீட், லோடு ரசீதில் டிரைவர் பெயர் ஆகியவைதான் அதற்குப் பதில். ஆக்டிங் டிரைவராக ஒரு நாளைக்குப் போனவரும் நம்பிக்கை இழக்க வேண்டாம். தற்காலிக வேலை என்பதற்காக விலக்கும் சொற்களை 2000-ஆம் ஆண்டுத் திருத்தமே எடுத்துவிட்டது. பேட்டாவைப் பொறுத்தவரை, பயணப்படியும் வேலையின் தன்மையால் வரும் தனிச் செலவுக்கான பணமும் சம்பளத்தில் சேராது என்று சட்டம் சொல்வதால் தகராறு வரும். சம்பளமாக வருவதையும் பேட்டாவாக வருவதையும் கணக்கில் பிரித்துக் காட்டினால் இந்தத் தலைவலி குறையும்.

இன்னொன்று: முதலாளியின் பாலிசியில் சம்பள டிரைவருக்கான பொறுப்புக் கவர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணைப் பக்கத்தில் ஐ.எம்.டி. 28 என்று எழுதியிருக்கும். தனியார் காருக்கு ஆளுக்கு வருடம் 50 ரூபாய் பிரீமியத்தில் கிடைத்துவந்த கவர் இது. இல்லையென்றால் உத்தரவு முதலாளிமேல் மட்டும் வரக்கூடும். அவரிடம் வசூலிப்பது தனி அலைச்சல். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை உள்ளவர் தொழிலாளர் இழப்பீட்டு வழியில் முதலாளிமேல் போக முடியாது, அவர் ஈ.எஸ்.ஐ. ஊனப் பலனையும், எதிர் வண்டி இருந்தால் அதன்மேல் 166-ஐயும் பார்க்க வேண்டும்.

166, தொழிலாளர் இழப்பீடு இரண்டுக்கும் தகுதி இருந்தால் ஏதேனும் ஒன்றைத்தான் எடுக்கலாம். 167-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஒன்றில் போய் உத்தரவு வாங்கிவிட்டு மற்றதில் நுழைய முடியாது என்பதை 2005-இல் மஸ்தான் வழக்கு தெளிவாக்கியது.

ஒரே காயம், நான்கு தொகை

35 வயது லாரி டிரைவர், மாதச் சம்பளம் 18,000. எதிரே வந்த டிப்பர் மோதி இடது முழங்காலில் முறிவு, தகடும் திருகும் வைத்தாகிவிட்டது. வருமானம் ஈட்டும் திறனில் 40 சதவீதம் போயிற்று என்று வைப்போம்.

166-இல்: 18,000-உடன் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 25,200. வருடத்துக்கு 3,02,400. உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கல் எண் 16. பெருக்கினால் 48,38,400. அதில் 40 சதவீதம் 19,35,360. இது வருமான இழப்புத் தலைப்பு மட்டும்.

தொழிலாளர் இழப்பீட்டில்: 15,000-இல் 60 சதவீதம் 9,000. 197.06-ஆல் பெருக்கினால் 17,73,540. அதில் 40 சதவீதம் 7,09,416. மருத்துவச் செலவு தனி. வலி வேதனைக்கு ஒன்றும் இல்லை.

164-இல்: 2,50,000. அவ்வளவுதான்.

வண்டி உரிமையாளருக்குப் பாலிசியோடு வரும் தனிநபர் விபத்துக் கவரில்: இவர் உரிமையாளர் இல்லை என்பதால் எதுவும் இல்லை. உரிமையாளராக இருந்தாலும் இந்த முறிவுக்கு எதுவும் இல்லை. காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

தவறு முழுக்க டிப்பர் மேல் என்றால் யோசிக்க எதுவுமில்லை, 166தான். தவறு கலந்து இருந்தால் எந்த இடத்தில் தராசு சாய்கிறது? 19,35,360-இல் 7,09,416 என்பது ஏறக்குறைய 37 சதவீதம். வட்டியையும் சேர்த்துப் பாருங்கள். வழக்கு மூன்று ஆண்டு நடக்கிறது, தீர்ப்பாயம் 7.5 சதவீத வட்டி போடுகிறது என்று எடுத்துக்கொண்டால், தொழிலாளர் இழப்பீடு 12 சதவீதத்தில் 9,64,806 ஆகும். 166-இன் முழுத்தொகை 23,70,816 ஆகும். விகிதம் 41 சதவீதத்துக்குப் பக்கம். அதாவது உங்கள்மேல் வரக்கூடிய தவறு 60 சதவீதத்துக்கு மேல் போகும் என்று தெரிந்தால்தான் தொழிலாளர் இழப்பீடு லாபம். பாதிப் பாதி என்றால்கூட 166-ஐ விட வேண்டாம். "எஃப்.ஐ.ஆர். நம்ம மேலதானே" என்று பயந்து 166-ஐக் கைவிடுபவர்கள் நிறையப் பேர். எஃப்.ஐ.ஆர். இறுதிச் சான்று அல்ல. விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகஜரும் வரைபடமும் வேறு கதை சொன்னால் தீர்ப்பாயம் அதைப் பார்க்கும்.

40 சதவீதம் எங்கிருந்து வருகிறது

மேலே போட்ட கணக்கு முழுவதும் அந்த 40 என்ற எண்ணில்தான் நிற்கிறது. அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு தரும் சான்றில் இருப்பது உடல் ஊனச் சதவீதம். சில சமயம் அது அந்தக் காலுக்கு மட்டும் உரியது. முழு உடலுக்கு மாற்றினால் பாதியாகக்கூடக் குறையும். தீர்ப்பாயத்துக்கு வேண்டியது வேறு எண்: இந்த ஊனத்தால் இந்த மனிதரின் இந்தத் தொழிலில் எவ்வளவு வருமானம் போயிற்று? 2010-இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு டிரைவரையே உதாரணமாகக் காட்டியது. இடது கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால் இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம்; எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம்.

நம் தீர்ப்பாயங்களில் இரண்டு கணக்கு முறை புழங்குகிறது. ஒன்று மேலே காட்டிய பெருக்கல் முறை. இன்னொன்று, ஊனம் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று மொத்தமாகப் போடும் சதவீத முறை. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 40 சதவீதத்துக்கு 2 லட்சம். பெருக்கல் முறையில் அதே ஊனத்துக்கு 19 லட்சம். சதவீத முறை எப்போது வரும்? தொழில் பாதிக்கப்பட்டது என்று சாட்சியத்தில் எதுவும் இல்லாதபோது. மருத்துவர் சாட்சிக் கூண்டில் "40 சதவீத ஊனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் வழக்கு அங்கேயே சுருங்கிவிட்டது.

என்ன சொல்ல வைக்க வேண்டும்? இடது முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, கிளட்ச்சை முழுதாக மிதித்துப் பிடிக்க முடிகிறதா, கேபினில் ஏறி இறங்க முடிகிறதா, தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். இதைவிட வலுவான காகிதம் ஒன்று இருக்கிறது. போக்குவரத்து வண்டி லைசன்ஸைப் புதுப்பிக்கப் படிவம் 1ஏ என்ற மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தர மருத்துவர் மறுத்து, தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தால், இந்த மனிதர் இனி டிரைவர் வேலை பார்க்க முடியாது என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் கிடைக்காது. அப்போது 40 என்பது 100-ஐ நோக்கி நகரும். 48 லட்சம் என்ற பேச்சே வரும். தொழிலாளர் இழப்பீட்டிலும் இதே நியாயம்தான். இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு நூறு சதவீத இழப்பு என்று 1975-லேயே பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் முடிவானது.

உரிமையாளர்-டிரைவர் கவர்: பெயர் பெரிது, வாய் சிறிது

சொந்த டாக்சி, சொந்த ஆட்டோ, சொந்த பைக் ஓட்டுபவருக்குப் பாலிசியோடு வரும் கட்டாயத் தனிநபர் விபத்துக் கவர் 15 லட்சம். முன்பு பைக்குக்கு 1 லட்சமும் மற்ற வண்டிக்கு 2 லட்சமுமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017 உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை உயர்த்தியது. தவறு யாருடையது என்ற கேள்வி இல்லை.

ஆனால் எதற்குப் பணம் வரும் என்று பாருங்கள். மரணம், இரண்டு கை கால் அல்லது இரண்டு கண் இழப்பு, ஒரு கை அல்லது காலோடு ஒரு கண்ணும் சேர்ந்த இழப்பு, நிரந்தர முழு ஊனம் என்றால் நூறு சதவீதம். ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ போனால் 50 சதவீதம். பட்டியல் முடிந்தது. தொடை எலும்பு முறிந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாலும் ஒரு ரூபாய் வராது. ஆர்.சி. யார் பெயரிலோ பாலிசி அவர் பெயரில் இருக்க வேண்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசன்ஸ் வேண்டும். வண்டி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் உரிமையாளர்-டிரைவர் என்று யாருமே இல்லை.

இது ஒப்பந்தப் பணம். எதிர் வண்டிமேல் 166 போடுவதைத் தடுக்காது, அதில் கழியவும் கழியாது. இரண்டையும் வாங்கலாம். தனியாக மோதித் தானே அடிபடும் சொந்த டாக்சிக்காரருக்கு இதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதால், வாராந்திர வருமான இழப்பும் எலும்பு முறிவும் சேர்ந்த தனி விபத்துப் பாலிசி ஒன்றை அவர் வைத்திருப்பது அவசியம்.

மோதிவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியவில்லை என்றால் பிரிவு 161: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு தீர்ப்பாயத்துக்குப் போகாது, வருவாய்த் துறை வழியாகப் போகும். பின்னால் வண்டி சிக்கி வேறு பிரிவில் நஷ்டஈடு கிடைத்தால் இதைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

முதல் வாரத்தில் கெட்டுப்போகும் காகிதங்கள்

எந்த வழியில் போனாலும் முதல் காகிதம் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. இரவு இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவரிடம் டூட்டி டாக்டர் "எப்படி ஆச்சு" என்று கேட்பார். பதற்றத்தில் அவர் "வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க" என்பார். பதிவேட்டில் "தானாக விழுந்து" என்று ஏறிவிடும். மூன்று நாள் கழித்து டிப்பர் மோதியதாக எஃப்.ஐ.ஆர். வந்தால் கம்பெனி வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். நினைவு திரும்பியதும் முதலில் இந்தப் பதிவைப் பாருங்கள். தவறாக இருந்தால் உடனே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் வாக்குமூலம் கொடுத்து, விவரம் சொன்னவர் விபத்தைப் பார்க்கவில்லை என்பதையும் அதில் சேருங்கள். "மது வாடை" என்று எழுதியிருந்தால் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். வாடை என்பது அளவு அல்ல.

புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். வேண்டும். பிறகு பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை. டிப்பரின் வலது முன்பக்கம் நசுங்கி, லாரியின் வலது கதவு நசுங்கி, கண்ணாடித் தூள் சாலையின் உங்கள் பாதியில் கிடந்தால், யார் கோட்டைத் தாண்டினார் என்பதைச் சாட்சியே இல்லாமல் இந்த மூன்று காகிதங்கள் சொல்லும். வரைபடத்தில் சாலையின் அகலமும் நடுக்கோட்டிலிருந்து மோதிய இடத்தின் தூரமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். எழுதவில்லையென்றால் அந்த வாரமே போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். பக்கத்துப் பெட்ரோல் பங்க் கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும். பாதுகாத்து வைக்கக் கேட்டு விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

2022 முதல் காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் 166(4) இடம் தருகிறது. ஆனால் உங்கள் வருமானமும் தொழில் பாதிப்பும் அதில் முழுதாக வராது. தனி மனுப் போடுவதுதான் பாதுகாப்பு.

அவசரச் சிகிச்சைப் பணத்துக்காக 164-இல் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. மத்திய அரசின் 2025 திட்டம் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சத்துக்குப் பணமில்லாச் சிகிச்சை தருகிறது. இரண்டும் நஷ்டஈட்டு உரிமையைப் பறிப்பவை அல்ல.

மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பதா?

வழக்குப் போட்ட ஓராண்டுக்குள் லோக் அதாலத்துக்கு அழைப்பு வரக்கூடும். அங்கே முடிந்தால் பணம் சீக்கிரம் வரும், கம்பெனி மேல்முறையீடு செய்யாது. நீங்களும் செய்ய முடியாது. தீர்ப்பாயத்தில் வழக்கமாகத் தீர்ப்பு வந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. என்ற மேல்முறையீட்டைப் போட்டுத் தொகையைக் கூட்டிக் கேட்கலாம்; அந்த வாய்ப்பை விட்டுக்கொடுப்பதுதான் சமரசத்தின் விலை. தவறு கலந்த வழக்கில் அந்த விலை நியாயமானது. தவறு முழுக்க எதிராளி மேல் இருந்து, வேலை திரும்பாத அளவு ஊனம் என்றால் அது அதிகம்.

உட்காருவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: எலும்பு கூடிவிட்டதா? உள்ளே இருக்கும் தகடை எடுக்க இன்னொரு அறுவைச் சிகிச்சை இருந்தால் அதே ஆஸ்பத்திரியில் செலவு மதிப்பீட்டை லெட்டர்ஹெட்டில் வாங்கி, எதிர்கால மருத்துவச் செலவு என்று தனி வரியாகக் கேளுங்கள். சமரசக் கையெழுத்துக்குப் பிறகு தகடு எடுக்கும் செலவும், அந்த இரண்டு மாதச் சம்பளமும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.